ஹரோ மலை வாத்தியாரும் கோட்டுக்கு வெளியே நிற்கும் நானும்

லண்டனின் வடமேற்கே ஹரோவில் குடியிருக்கும் தமிழர் ஒருவரிடம் அந்த ஊரைப் பற்றிக் கேட்டால் நாலு விசயம் சொல்வார். மெட்ரோபொலிட்டன் ரயில் ஓடுகிறது. முருங்கைக்காய் கிடைக்கிறது. வீட்டு விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது. மலைமேலே சேர்ச்சில் படித்த பள்ளிக்கூடம் இருக்கிறது. கொஞ்சம் வாசிப்பு உள்ளவர் என்றால், நேருவும் அங்கேதான் படித்தார் என்று ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வார். அதே பள்ளிக்கூடத்தில் 42 வருடம் படிப்பித்து, பின்னேரங்களில் பொடியங்களோடு சேற்றில் விழுந்தெழும்பிப் பந்தடித்த எட்வர்ட் போவன் என்ற வாத்தியாரை அவருக்குத் தெரியாது. படித்தவர்களின் பெயர் நிற்கும், படிப்பித்தவரின் பெயர் போய்விடும். யாழ்ப்பாணத்தில் ஆயுள் முழுக்க வாத்தியாராக இருந்துவிட்டு, இப்போது அந்த மலையடிவாரத்தில் மகள் வீட்டில் குளிர் காயும் எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

போவன் 1836இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியில் படித்தவர். படிக்கிற காலத்தில் ஒருமுறை கேம்பிரிட்ஜிலிருந்து ஒக்ஸ்ஃபோர்டுக்கு நடந்தே போனார். 90 மைல், 26 மணித்தியாலம். ஏன் நடந்தார் என்று கேட்கக் கூடாது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் படித்த, வசதியான இளைஞன் ஒருவன் காரணமில்லாமல் கால் நோக நடந்தால் அதற்குப் பெயர் வீரம். எங்கள் அப்பு, பாட்டாமார் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்த தூரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒக்ஸ்ஃபோர்டுக்குப் பல தடவை போய் வந்திருக்கலாம். அதற்குப் பெயர் பஸ் இல்லாமை.

அவருடைய அண்ணர் சார்ள்ஸ் போவன் பெரிய நீதிபதி. காபோலிக் புகையுருண்டை வழக்கு என்று சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் உருப்போடுகிறார்களே, அந்த வழக்கின் மேன்முறையீட்டில் தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவர். அண்ணர் நீதிபதி, தம்பி வாத்தியார். எங்கள் ஊரில் இப்படி அமைந்தால் கலியாண வீட்டில் யாரை முன்வரிசையில் இருத்துவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. தம்பி தன் பங்குக்குக் கலியாணமே செய்துகொள்ளாமல் இருந்துவிட்டார்.

1859இல் ஹரோவுக்கு வாத்தியாராக வந்தார். லத்தீனும் கிரேக்கமும்தான் கல்வி, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்றிருந்த காலம். மொழியை இலக்கண விதியால் தொடங்கிப் படிப்பிப்பது தலைகீழ் வேலை என்று 1867இல் கட்டுரை எழுதினார். 1869இல் நவீன மொழிகளுக்கும் வரலாற்றுக்கும் அறிவியலுக்கும் இடம் கொடுக்கும் புதுப் பிரிவு ஒன்று பள்ளியில் தொடங்கியபோது அதற்குப் பொறுப்பாக இருந்தார். 1893 வரை அதை நடத்தினார். 1880இல் நாடாளுமன்றத்துக்கும் நின்று பார்த்தார். ஹேர்ட்ஃபோர்ட் தொகுதியில் அவரைத் தோற்கடித்தவர் ஆதர் பல்ஃபர். வென்றவர் பிற்காலத்தில் பிரதமரானார். தோற்றவர் வகுப்புக்குத் திரும்பினார். நாட்டுக்கு எது இலாபம் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, ஆனால் நான் வாத்தியார். என் சாட்சியம் எடுபடாது.

இனி விளையாட்டுக்கு வருவோம்.

1872 மார்ச் 16, சனிக்கிழமை. லண்டன் கெனிங்டன் ஓவல் மைதானம். உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணத்தின் முதலாவது இறுதியாட்டம். ஒரு பக்கம் ரோயல் எஞ்சினியர்ஸ் என்ற படை அதிகாரிகள். மறுபக்கம் வொண்டரர்ஸ். அந்த அணியில், 36 வயதாக இன்னும் இரண்டு கிழமை இருந்த ஹரோ வாத்தியார் போவன். பார்க்க வந்தவர்கள் சுமார் 2,000 பேர். நுழைவுக்கு ஒரு ஷில்லிங். கோல் கம்பங்களுக்கு மேலே குறுக்குச் சட்டம் கிடையாது, நாடாதான். வலை கிடையாது. ஒவ்வொரு கோல் விழுந்ததும் இரு அணியும் பக்கம் மாறவேண்டும். மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே இல்லை. எஞ்சினியர்ஸ் அணியின் கிரெஸ்வெல் ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே காறையெலும்பு முறிந்தும் ஆட்டம் முடியும்வரை மைதானத்தில் நின்றார்.

வொண்டரர்ஸ் 1–0 என்று வென்றது. அந்த ஒரு கோலைப் போட்டவர் மோர்ட்டன் பெட்ஸ். ஆனால் அன்றைய ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயர் 'ஏ. எச். செக்கர்'. அவர் ஹரோ செக்கர்ஸ் என்ற கழகத்தைச் சேர்ந்தவர். அந்தக் கழகம் முதல் சுற்றிலேயே வொண்டரர்ஸுக்கு எதிராக ஆடாமல் விலகியிருந்தது. விலகிய அணிக்காரர் வென்ற அணிக்கு வேறு பெயரில் வந்து கோல் போட்டார். இந்த இறுதியாட்டத்துக்கு வந்துசேர வொண்டரர்ஸ் உண்மையில் வென்ற ஆட்டமும் ஒன்றே ஒன்றுதான். ஒரு அணி விலகியது, ஒன்றோடு சமநிலை, பிறகு அரையிறுதியில் கிளாஸ்கோவிலிருந்து வந்த குயின்ஸ் பார்க் சமநிலையில் முடித்துவிட்டு, மறுபடி லண்டனுக்கு வரக் காசில்லாமல் ஒதுங்கிக்கொண்டது. இன்றைக்கு இப்படி ஒரு கிண்ணம் கிடைத்தால் மேன்முறையீட்டுக் குழு, விசாரணைக் குழு, அதன் அறிக்கையை விசாரிக்க இன்னொரு குழு என்று அடுத்த மார்ச் வந்துவிடும். அன்றைக்குக் கனவான்கள் கைகுலுக்கிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். கிண்ணத்தின் விலை 20 பவுண்.

அடுத்த வருடமும் போவன் அதே அணியில் ஆடினார். ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தை 2–0 என்று வென்றார்கள். அந்த ஆட்டம் காலையிலேயே தொடங்கியது. பிந்தித் தொடங்கினால் சனங்கள் அன்றைய ஒக்ஸ்ஃபோர்ட்–கேம்பிரிட்ஜ் படகோட்டப் போட்டியைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்ற பயம். இப்போது அந்தக் கிண்ணத்தின் இறுதியாட்டம் எங்கள் வீட்டிலிருந்து சிறு தூரத்தில் வெம்பிளியில் நடக்கிறது. 90,000 இருக்கை. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அதில் ஆடுவது இருக்கட்டும், தன் சம்பளத்தில் ரிக்கற் வாங்கிப் பார்த்தாலே அது செய்தி.

சனிக்கிழமை கிண்ணம் வென்றவர் திங்கட்கிழமை கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார். அவருக்கு முன்னால் இருக்கும் பொடியனுக்கு வரலாறு கசக்குமா? நான் வகுப்பில் கத்திக் கத்திப் பெற்ற அமைதியை அவர் ஒரு வார்த்தை பேசாமல் பெற்றிருப்பார் என்று எனக்குப் பொறாமை உண்டு.

பள்ளியில் ஆடியது வேறு ஆட்டம். ஹரோவுக்கென்றே ஒரு உதைபந்தாட்டம் உண்டு. பந்து சாதாரணப் பந்தைவிடப் பெரிது, இருபக்கமும் தட்டை. கோலுக்கு 'பேஸ்' என்று பெயர். காலால் வந்த பந்தைக் கையால் பிடித்து 'யார்ட்ஸ்' என்று கத்தினால் மூன்று யார் தூரத்துக்கு ஒருவரும் கிட்ட வரக்கூடாது. மலையடிவாரத்துக் களிமண் மாரிகாலத்தில் முழங்கால்வரை பிடிக்கும். போவன் அந்தச் சேற்றில் பொடியங்களோடு ஆடினார், அறுபது வயதிலும் ஆடினார். மேற்பார்வை செய்யவில்லை. ஊதுகுழலோடு ஓரத்தில் நிற்கவில்லை. தள்ளினார், தள்ளுப்பட்டார். சேர்ச்சில் அங்கே படித்த 1888–1892 காலத்திலும் மைதானத்தில் கிழவர்தான் ஓடிக்கொண்டிருந்தார். சேர்ச்சில் வாள்வீச்சுக்குப் போய்விட்டார்.

இப்படி வாத்தியார்மார் மைதானத்துக்குப் போனது தற்செயலாக நடக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இங்கிலாந்தின் பெரிய பள்ளிக்கூடங்களில் பின்னேரங்களில் பொடியங்கள் என்ன செய்கிறார்கள் என்பதை ஒருவரும் கவனிப்பதில்லை. அயலானின் முயலைப் பிடிப்பார்கள், ஊர்க்காரரோடு சண்டை போடுவார்கள். மார்ல்பரோப் பள்ளியில் 1851இல் மாணவர் கலகமே வெடித்தது. அடுத்த வருடம் அதிபராக வந்த கொட்டன் ஒரு வழி கண்டார். பொடியங்களை அடக்க முடியாது, களைக்க வைக்கலாம். விளையாட்டை ஒழுங்குபடுத்தினார், விளையாடத் தெரிந்த இளம் வாத்தியார்மாரை எடுத்தார். ஹரோவிலும் 1853இல் விளையாட்டுக்கென்று ஒரு மன்றம் வந்தது. முப்பது வருடத்துக்குள் இது ஒரு மதமாகவே ஆகிவிட்டது. துடுப்பாட்டம் நேர்மை தரும், உதைபந்து தைரியம் தரும், இரண்டும் சேர்ந்தால் இந்தியாவை ஆளலாம் என்று நம்பினார்கள். கொட்டன் 1858இல் கல்கத்தாவின் பிஷப்பாகப் போனார். நாற்பது வருடம் கழித்து ஹரோ அதிபர் வெல்டனும் அதே பதவிக்குப் போனார். மைதானத்துக்கும் கல்கத்தா மேற்றாசனத்துக்கும் நடுவில் ஒரு நேர்வழி இருந்திருக்க வேண்டும்.

ஸ்கொட்லாந்தின் லொரெட்டோப் பள்ளியில் ஆல்மண்ட் என்று ஒரு அதிபர். 1862 முதல் 1903இல் இறக்கும்வரை அந்தப் பள்ளியை நடத்தினார். குளிரோ மழையோ யன்னல்கள் திறந்தே இருக்கவேண்டும், பொடியங்கள் கழுத்துப்பட்டி, கோட்டு இல்லாமல் இருக்கவேண்டும், தினமும் ஓடவேண்டும். 1871இல் எடின்பரோவில் இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் நடந்த முதலாவது ரக்பி சர்வதேசப் போட்டியில் மத்தியஸ்தராக நின்றவரும் அவர்தான். ஸ்கொட்லாந்துக்குச் சாதகமாக அவர் கொடுத்த ஒரு தீர்ப்பைப் பற்றிப் பல வருடம் சண்டை நடந்தது. சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் கூடச் சத்தம் போடுகிறதோ அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வதே சரி, பெரும்பாலும் பிழை அவர்கள் பக்கம்தான் இருக்கும் என்பது அவர் பிற்காலத்தில் சொன்ன நியாயம். எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களை நினைத்துப் பார்க்கிறேன். ஆல்மண்ட் தலைமை தாங்கியிருந்தால் பல கட்டடங்கள் எழும்பியிருக்கும்.

இந்த மதத்தின் பாதிரிகள் எங்கள் தீவுக்கும் கப்பலேறி வந்தார்கள். கேம்பிரிட்ஜில் படித்து, யோர்க்ஷயர் அணிக்குத் துடுப்பாட்டம் ஆடிய ஆஷ்லி வோக்கர் என்ற வாத்தியார் 1870களில் கொழும்பு அக்கடமிக்கு வந்தார். 1881இல் ரோயல் கல்லூரி என்று பெயர் மாறியது அந்தப் பள்ளிதான். 1879இல் அதற்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் அவர் தொடக்கிவைத்த போட்டி இன்றுவரை நடக்கிறது. முதல் ஆட்டத்தில் பொடியங்களோடு வாத்தியார்மாரும் ஆடினார்கள். அடுத்த வருடத்திலிருந்து மாணவர் மட்டும். 1885இல் ரோயல் 9 ஓட்டத்துக்குள் சுருண்டது. அந்த ஆட்டத்தை வெற்றி என்று ஒரு கல்லூரியும், முடிவில்லை என்று மறு கல்லூரியும் இன்றைக்கும் எழுதிவருகின்றன. துடுப்பாட்டம் நேர்மையைத் தரும் என்று சொன்னேனா?

யாழ்ப்பாணத்தில் 1904 முதல் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் நடக்கிற வடக்கின் பெருஞ்சமரும் இந்த வழியில் வந்ததுதான். இரண்டும் மிஷனரிமார் கட்டிய பள்ளிகள். உண்மையான சமர் நடந்த வருடங்களில் பலமுறை இந்தச் சமர் நடக்கவில்லை. நிம்மதியாக ஒரு விக்கெட்டை விழுத்திச் சண்டை போடவும் ஊருக்கு ஒரு கொடுப்பினை வேண்டும்.

நான் படித்தது அவ்வளவு பெயர் பெற்ற பள்ளியில் இல்லை. பனங்காணிக்கு நடுவில் ஒரு மைதானம், மழை வந்தால் அது குளம். எங்களுக்குக் கணிதம் படிப்பித்த வாத்தியார் பின்னேரம் மணியடித்ததும் நஷனலைக் கழற்றி வேலியில் கொழுவிவிட்டு, வேட்டியைச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்குவார். வகுப்பில் அவர் கையில் இருக்கும் பிரம்புக்கு நாங்கள் நடுங்குவோம். மைதானத்தில் அதே மனுசனை முழங்கையால் இடித்துப் பந்தைப் பறிக்கலாம். அவர் விழுந்து எழும்பி, "நல்லா இடிச்சாய், ஆனால் பந்தை எங்கை பாத்தாய்?" என்று கேட்பார். அடுத்த நாள் கணக்குப் பிழைத்தால் அதே கையில் அடி விழும். முதல் நாள் இடித்ததற்கும் மறுநாள் அடிக்கும் சம்பந்தம் வைத்துக்கொள்ளாத நியாயஸ்தன். போவனின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஹரோவில் இருந்து கொழும்பு, கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம், அங்கிருந்து எங்கள் பனங்காணி என்று அந்தப் பழக்கம் பெயரைத் தொலைத்துவிட்டு வந்து சேர்ந்திருந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் நான் பேத்தியின் உதைபந்தாட்டப் பயிற்சிக்குப் போகிறேன். ஹரோ மலையைப் பார்த்தபடி இருக்கும் பொது மைதானம். அவள் கோல் காப்பாளர். பெற்றோர் நிற்பதற்கு ஒரு கோடு. கோட்டுக்கு வெளியே நிற்கவேண்டும், சத்தம் போடக்கூடாது, மத்தியஸ்தரோடு வாதிடக்கூடாது. நாடு முழுக்க இதுதான் ஒழுங்கு. உதைபந்தாட்டச் சங்கம் 2008 முதல் இதை வலியுறுத்துகிறது. பெரியவர்கள் போட்ட கூச்சலில் சின்னப் பிள்ளைகளும் இளம் மத்தியஸ்தர்மாரும் விளையாட்டையே விட்டு ஓடியதால் வந்த விதி. ஆல்மண்ட் இருந்தால் கோடு கீறச் சொல்லியிருக்க மாட்டார். கூடச் சத்தம் போடும் தகப்பனின் அணிக்கு எதிராக ஊதியிருப்பார்.

ஒருநாள் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒன்று குறைந்தது. பழைய உசார் வந்து, நான் ஒரு பக்கம் நிற்கிறேனே என்று மகளிடம் சொன்னேன்.

"அப்பா, உள்ளுக்குப் போகேலாது. அதுக்குப் பேப்பர் இருக்கவேணும். சும்மா நில்லுங்கோ."

பேப்பர் என்றால் குற்றப் பின்னணிச் சோதனைச் சான்றிதழ், பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி, முதலுதவிப் பயிற்சி, காப்புறுதி. சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் படிவங்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 2016இல் இந்த நாட்டின் பழைய உதைபந்தாட்ட வீரர்கள் பலர் முன்வந்து, சிறு வயதில் தங்கள் பயிற்றுநர்களால் பட்ட பாலியல் கொடுமைகளை வெளியே சொன்னார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று மலையைக் காட்டவும் முடியாது. போவன் ஹரோவுக்கு வந்த அதே 1859இல் அதன் புகழ்பெற்ற அதிபர் வோன் திடீரென்று விலகினார். மாணவன் ஒருவனோடு அவருக்கு இருந்த தொடர்பு அம்பலமாகும் என்ற மிரட்டலே காரணம் என்று அங்கே படித்த சைமன்ஸ் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருந்தார். அது உலகுக்குத் தெரியவர ஒரு நூற்றாண்டு சென்றது. வோனைப் பிற்காலத்தில் மதிப்புக்குரிய திருச்சபைத் தலைவராகவே நாடு கொண்டாடியது. அன்றைக்கு ஒரு படிவமும் இல்லை, கனவான் என்ற சொல்லே சான்றிதழ். படிவம் நல்லது.

அன்றைய மைதானத்தில் இல்லாதவர்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1870இல் கல்விச் சட்டம் வந்து ஏழைப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் கிடைத்தது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த உடற்கல்வி முற்றத்தில் வரிசையாக நின்று கவாத்து. ஆரம்பப் பள்ளிகளின் பாடநேரத்துக்குள் ஒழுங்கான விளையாட்டுக்கு அரசு இடம் கொடுத்தது 1906இல்தான். பணக்காரப் பிள்ளை விளையாடித் தலைமை பழகவேண்டும், ஏழைப் பிள்ளை கவாத்துச் செய்து கீழ்ப்படிவு பழகவேண்டும் என்பது கணக்கு. கிண்ணத்தையும் கனவான்களால் அதிக காலம் வைத்திருக்க முடியவில்லை. 1883 இறுதியாட்டத்தில் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களை பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற தொழிலாளர் அணி வென்றது. போட்டிக்கு முன் அந்த அணி கடற்கரைக்குப் போய்த் தனியாகப் பயிற்சி எடுத்தது. பயிற்சி எடுத்து வெல்வது கனவான்களுக்குக் கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பட்டது. 1891இல் பெனால்டி உதை வந்தபோது அவர்களில் பலர் அதை ஒரு அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். கனவான் வேண்டுமென்று பிழை விடுவானா?

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். 1921இல் உதைபந்தாட்டச் சங்கம் தன் கழக மைதானங்களைப் பெண்களுக்குப் பூட்டியது. அந்தப் பூட்டைத் திறக்க அரை நூற்றாண்டு பிடித்தது. 2022இல் இங்கிலாந்துப் பெண்கள் அணி வெம்பிளியில் ஜேர்மனியை 2–1 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியபோது, எங்கள் வீட்டுக் கதிரையில் ஏறி நின்று கத்தியவள் இந்தப் பேத்திதான். மலைமேல் உள்ள பள்ளி இன்றைக்கும் பொடியங்களுக்கு மட்டும், வருடத்துக்கு 50,000 பவுணுக்கு மேல். மலைக்குக் கீழே எங்கள் பிள்ளை கோலுக்குள் பாய்கிறாள். அந்தக் காலமா இந்தக் காலமா என்று அவளிடம் கேட்டால் பதில் ஒரு நொடியில் வரும்.

ஆகவே அன்றுதான் திறம் என்று சொல்ல நான் வரவில்லை. என்னுடைய வழக்கு சின்னது. படிவங்களையெல்லாம் நிரப்பித் தேறிய அந்த இளம் பயிற்றுநர், மிக நல்ல பிள்ளை, ஒருமணி நேரமும் கூம்புகளை அடுக்குகிறார், ரப்லெற்றில் புள்ளி போடுகிறார், "நல்ல முயற்சி" என்று எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சொல்கிறார். அவர் ஒருதடவையும் பந்தடிக்கவில்லை. பிள்ளைகளிடம் ஒருதடவையும் தோற்கவில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோரின் பேச்சோ இதில் வரப்போகிற நன்மையைப் பற்றியது. தலைமைத்துவம் வளரும், குழுவாக இயங்கப் பழகும், பள்ளி மாறும்போது விண்ணப்பத்தில் எழுதலாம். ஊரிலும் இதே கதை. ரியூசனுக்கு நேரமாகிறது என்று பிள்ளையை மைதானத்திலிருந்து இழுத்துப் போகிற தாய், பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டுச் சாதனையாலும் விசேட அனுமதி உண்டு என்று கேள்விப்பட்ட மறுநாள் அதே பிள்ளைக்குப் பயிற்றுநர் தேடுகிறார். எந்த விளையாட்டுக்குப் போட்டி குறைவு என்பதுதான் முதல் கேள்வி.

விக்டோரியா காலத்து அதிபர்மார் விளையாட்டில் பேரரசைத் தேடினார்கள். நாங்கள் அனுமதிக் கடிதத்தைத் தேடுகிறோம். தேடுகிற பொருள் சின்னதாகிவிட்டதே தவிர, புத்தி ஒன்றுதான். போவனும் விளையாட்டின் நன்மைகளைப் பற்றி எழுதியவர்தான். ஆனால் எழுதிவிட்டு அறைக்குள் இருக்கவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அவர் மைதானத்தில் நின்றதற்கு முதல் காரணம் அது அவருக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகளுக்கு இது உடனே தெரிந்துவிடும். தனக்குப் பிடித்ததைச் செய்கிற பெரியவரையும் பிள்ளையின் நன்மைக்காக நிற்கிற பெரியவரையும் எந்தப் பிள்ளையும் மாறி எடுப்பதில்லை.

கிண்ணம் வென்ற அதே 1872இல் போவன் ஒரு பாட்டு எழுதினார். 'ஃபோர்ட்டி இயர்ஸ் ஓன்' என்று பெயர். ஜோன் ஃபாமர் இசை. நாற்பது வருடம் கழித்து, மூட்டு வலியோடு, பழைய மைதானத்தை நினைத்துப் பார்ப்பதைப் பற்றிய பாட்டு. இன்றைக்கும் அது ஹரோவின் பாட்டு. சேர்ச்சில் பிரதமரான பிறகு வருடாவருடம் அங்கே போய்ப் பள்ளிப் பாட்டுகளைக் கேட்டு வந்தார். அன்றையையும் இன்றையையும் ஒப்பிடும் தொழிலை எங்களைப் போன்ற கிழவர்களுக்கு முன்பே, 36 வயதில், அவர் செய்து முடித்துவிட்டார். ஆனால் நாற்பதாவது வருடத்தை அவரும் காணவில்லை, இசையமைத்தவரும் காணவில்லை. இருவரும் 1901இல் போய்விட்டார்கள். போவன் போனது ஏப்ரல் 8ஆம் திகதி, பிரான்சின் பர்கண்டிப் பக்கம், நண்பரோடு சைக்கிள் பயணத்தில் இருந்தபோது. வயது 65. மூட்டு வலியோடு இருந்து பழசை நினைக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, கடைசிவரை விளையாடிக்கொண்டிருந்துவிட்டார்.

வாத்தியார்மாருக்கும், தாய் தகப்பன்மாருக்கும், என்னைப் போன்ற அம்மப்பாமாருக்கும் ஒன்று சொல்வேன். படிவம் தேவையென்றால் நிரப்புங்கள், கோடு கீறியிருந்தால் மதியுங்கள். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருநாளாவது, வீட்டு முற்றத்திலோ பூங்காவிலோ, உங்கள் பிள்ளைகளோடு நீங்களே இறங்கிப் பந்தடியுங்கள். புள்ளி போடவேண்டாம், புத்தி சொல்லவேண்டாம். நன்றாக ஆடித் தோற்றுப்போங்கள். பிள்ளைக்கு அதிலே என்ன நன்மை என்று யாராவது கேட்டால், எனக்குப் பிடிச்சிருக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.